வடசென்னைச் சந்தைத் தெருக்களில் காலாவதியான ஃபிலிமுடன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பீரோவிலிருந்தோ, மூடப்போகும் ஸ்டூடியோவின் அலமாரியிலிருந்தோ தேதி முடிந்த ஃபிலிம் ரோல்கள் சில கைக்கு வருகின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு பாரிமுனை, சௌகார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் போய்ப் படமெடுக்க வேண்டும் என்று ஆசை எழுகிறது. அப்படி ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

தேதி முடிந்த ஃபிலிமில் படம் விழுமா?

விழும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தேதி, அதுவரை ஃபிலிமின் வேகமும் (வெளிச்சத்துக்கு அது எவ்வளவு உணர்திறன் உள்ளது என்று சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்) வண்ணமும் சொன்னபடி இருக்கும் என்று தயாரிப்பாளர் தரும் உறுதி மட்டுமே. அதற்கு மறுநாள் ஃபிலிம் செத்துவிடுகிறது என்று பொருளில்லை. காலப்போக்கில் நடப்பது இதுதான்: வெளிச்சமே படாவிட்டாலும், வெப்பத்தாலும் இயற்கையில் எப்போதும் இருக்கும் கதிர்வீச்சாலும் ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்புத் துகள்களில் ஒரு பகுதி வெளிச்சம் பட்டவை போலவே ஆகிவிடுகின்றன. கழுவும்போது அவையும் கறுத்து, நெகட்டிவ் முழுவதும் ஒரு மூட்டமாகப் படர்கின்றன. அதோடு ஃபிலிமின் உணர்திறனும் குறைகிறது. வண்ண ஃபிலிமில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனி அடுக்குகள் உண்டு. அவை ஒரே சீராக மூப்படைவதில்லை என்பதால்தான் படத்தில் ஊதாவோ பச்சையோ தூக்கலாகத் தெரிகிறது.

எந்த ஆண்டுச் சரக்குக்கு எவ்வளவு வெளிச்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும்?

வண்ண நெகட்டிவ் ஃபிலிமுக்கு, தேதி முடிந்து கடந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு ஸ்டாப் கூடுதல், அதாவது வெளிச்சம் இரட்டிப்பு, என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. 200 வேகமுள்ள ரோல் 2016 வாக்கில் முடிந்திருந்தால் அதை 100 என்றும், 2006 என்றால் 50 என்றும், 1996 என்றால் 25 என்றும் வைத்துக்கொள்ள வேண்டும். மூட்டம் முதலில் விழுங்குவது நிழற்பகுதிகளின் விவரங்களைத்தான். வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடுத்தால் அந்த விவரங்கள் மூட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கும். கூட்டிக் கொடுப்பதன் காரணம் அவ்வளவே.

கறுப்பு வெள்ளைக்கு இந்தக் கூடுதலில் பாதி போதும். நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமே விழும் ஸ்லைடு ஃபிலிமுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதில் வெளிச்சம் கூடினால் வெண்மையான இடங்கள் வெளுத்து ஒன்றுமில்லாமல் போய்விடும் என்பதால் அரை ஸ்டாப், மிஞ்சினால் ஒரு ஸ்டாப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வேகம் அதிகமான ஃபிலிம்தான் விரைவில் கெடும். 800 வேகத்து ரோலும் 100 வேகத்து ரோலும் ஒரே ஆண்டில் முடிந்து ஒரே பெட்டியில் கிடந்திருந்தால், 100 வேகத்ததை எடுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் சாதாரண அறை வெப்பத்தில் இருந்த ஃபிலிமுக்குத்தான் பொருந்தும். குளிர்பெட்டியில் இருந்தது இதைவிட நன்றாக இருக்கும். சென்னையில் தகரக்கூரைக்கு அடியிலோ, மேற்குப் பார்த்த கடைக் கண்ணாடிக்குப் பின்னாலோ பல கோடைகளைக் கண்ட ரோல் இதைவிட மோசமாக இருக்கும். ஆண்டை விட, எங்கே இருந்தது என்பதே முக்கியம். ஒரே கட்டிலிருந்து பல ரோல்கள் கிடைத்திருந்தால் ஒன்றைப் பலியிட்டு, ஒரே காட்சியை வெவ்வேறு அளவு வெளிச்சத்தில் எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டு, மற்றவற்றைத் தெருவுக்கு எடுத்துப் போவது நல்லது.

வேகம் 25 என்றால் தெருவில் என்னதான் எடுக்க முடியும்?

உச்சி வெயிலில் லென்ஸின் திறப்பு எஃப்/16, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஃபிலிம் வேகத்தின் தலைகீழ் என்பது பழைய விதி. 25 வேகத்துக்கு அது எஃப்/16, 1/30 நொடி. அதையே எஃப்/8, 1/125 என்று மாற்றிக்கொண்டால் நடந்து போகிறவரையும் ஓரளவு நிறுத்திப் பிடிக்கலாம். சிக்கல் நிழலில்தான். கடை முகப்பில் கட்டியிருக்கும் தார்ப்பாய்க்குக் கீழே வெளிச்சம் நான்கு ஸ்டாப் குறைந்துவிட்டால், எஃப்/4, 1/30 என்ற இடத்துக்கு வந்து நிற்கிறோம். கை நடுங்காமல் பிடித்தாலும், எலுமிச்சம்பழத்தை அள்ளிப் போடும் கை கலங்கித்தான் விழும்.

இன்னொன்று: அந்தத் தார்ப்பாய் பெரும்பாலும் நீலம். அதன் அடியில் இருக்கும் தக்காளி, முகம், சுவர் எல்லாவற்றின் மேலும் நீலம் இறங்கியிருக்கும். நம் கண் அதைச் சரிசெய்துகொள்ளும், ஃபிலிம் சரிசெய்யாது. ஏற்கெனவே வண்ணம் சாய்ந்த ரோலில் இதுவும் சேர்ந்தால், ஸ்கேன் செய்த பிறகு தோல் நிறத்தை மீட்பது பெரும்பாடு. ஆகவே பாயின் விளிம்புக்கு வெளியே, வெயில் விழும் ஒரு முழ இடத்தில் நடப்பதைப் பிடியுங்கள். வாங்குகிறவர் காய்கறியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதும், சில்லறை கை மாறுவதும் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் நடக்கின்றன.

எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் போவது?

வேகம் குறைந்த ஃபிலிமுக்குத் தெருவின் திசைதான் கடிகாரம். தங்கசாலைத் தெரு பெரும்பாலும் வடக்கு தெற்காக நீண்டு கிடப்பது. காலையில் கிழக்குச் சிறகுக் கட்டடங்களின் நிழல் தெருவை மூடியிருக்கும். மாலையில் மேற்குச் சிறகின் நிழல். நண்பகல் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டேகால் வரையிலான நேரத்தையொட்டிச் சூரியன் தெருவின் நீளவாக்கில் நிற்கும்போதுதான் தரை வரை வெயில் இறங்கும். படமெடுப்பவர்கள் வழக்கமாக ஒதுக்கித் தள்ளும் அந்த நேரமே இங்கே நமக்கு உகந்தது.

அதற்குக் குறுக்காகக் கிழக்கு மேற்காக ஓடும் ஒடுங்கிய சந்துகளின் நிலைமை வேறு. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் சென்னையின் நேர் உச்சிக்கு வரும். அந்த நாள்களை ஒட்டித்தான் அச்சந்துகளின் தரை முழு வெயிலைப் பார்க்கும். டிசம்பரில் அங்கே போனால் மேல்மாடிச் சுவர்தான் பளபளக்கும், கீழே வியாபாரம் நிழலில் நடக்கும். என்.எஸ்.சி. போஸ் சாலையும் கிழக்கு மேற்குதான் என்றாலும் அகலமானது. காலையில் உயர் நீதிமன்றத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து மேற்கு நோக்கி நடந்தால், எதிரே வருகிறவர்களின் முகத்தில் வெயில் விழும். பூக்கடைப் பக்கம் முழம் போட்டுப் பூ அளக்கும் பெண்களையும் அந்த வெளிச்சத்திலேயே பார்க்கலாம்.

கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கறி வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. பழைய நினைவில் விடியற்காலை லாரிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் சூடாக இருக்கும் வேளை இருட்டு பிரியாத வேளை. 25 வேகத்துக்கு அது கட்டுப்படியாகாது. சூரியன் கடலுக்கு மேலே ஏறி, வெயில் வலைகளின் மேல் பட்ட பிறகு, சில்லறை விற்பனை நடக்கும் நேரத்தில் போவதே சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது கூட்டமும் சரக்கும் மெலிந்திருக்கும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் துணிக்கடைகள் மாலையில்தான் களைகட்டும், ஆனால் அந்தக் கூட்டம் குழல்விளக்கின் கீழ் நிற்பது. பழைய ஃபிலிமோடு போகிறவருக்கு முற்பகல் போதும்.

பழைய ஃபிலிமும் கேமராவும் இந்தப் பகுதியிலேயே கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் தேடிப் போனால் கிடைக்காது, பார்த்துக்கொண்டே போனால் கிடைக்கும் என்ற வகை. 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோகும் வரை பழைய பொருளுக்கெல்லாம் அதுவே தாய்வீடு. இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பீச் ஸ்டேஷனை ஒட்டி நடைபாதையில் பழைய சாமான்கள் பரப்பப்படுகின்றன. பக்கத்தில் இருக்கும் பர்மா பஜார், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969இல் உருவானது. ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சரக்குக்குப் பெயர்போன அந்த வரிசையில் இப்போது கைப்பேசிச் சாமான்களே கண்ணில் படும். நமக்கு வேண்டியது நடைபாதைச் சாக்கில் இருக்கிறது: டி.வி. ரிமோட்டுகள், சார்ஜர் ஒயர்கள், நின்றுபோன கைக்கடிகாரங்கள், ஒரு பித்தளைச் சொம்பு, அவற்றின் நடுவே தோல் உறை உரிந்த ஒரு கேமரா.

ரோலைக் கையில் எடுத்தால் முதலில் வாயைப் பாருங்கள். ஃபிலிம் வெளியே வரும் பிளவில் இருபுறமும் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டியிருக்கும். அது பிய்ந்திருந்தால் உள்ளே வெளிச்சம் புகுந்திருக்கும். ஃபிலிமின் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் புதுசு; முழுவதும் உள்ளே சுருண்டிருந்தால் யாரோ எடுத்து முடித்தது. டப்பியின் மேல் துரு, வெள்ளைப் பொடி, நீர்க்கறை இருந்தால் வைத்துவிடுங்கள். 35 மி.மீ. ரோல்களில் தேதி பெரும்பாலும் அட்டைப் பெட்டியில்தான் இருக்கும், டப்பியில் இராது. பெட்டி இல்லாத சரக்குக்கு வேறு தடயங்களைத்தான் பார்க்க வேண்டும். கோனிகா மினோல்டா 2006இல் ஃபிலிம் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது, ஆகவே கோனிகா ரோல் எதுவானாலும் வயதானதுதான். கோடாக்குரோம் என்ற கோடக்கின் பழைய ஸ்லைடு ஃபிலிம் கையில் கிடைத்தால் ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளலாம். அதற்குரிய கே-14 முறையில் கழுவிவந்த கடைசிக் கூடமும் 2010 முடிவோடு அதை நிறுத்திவிட்டது. வண்ண ரோலில் சி-41 (வண்ண நெகட்டிவைக் கழுவும் வழக்கமான முறை) என்று எழுதியிருப்பதை உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

சென்னையில் மட்டும் கூடுதலாக ஓர் எச்சரிக்கை தேவை. சினிமாவுக்கு வந்த ஃபிலிமின் மிச்சத் துண்டுகளைச் சாதாரண டப்பியில் சுற்றி விற்பது உண்டு. அதன் முதுகில் கரிப் பூச்சு இருக்கும். அதை வேறு முறையில் கழுவ வேண்டும். தெரியாமல் ஸ்டூடியோவில் கொடுத்தால் அவர்களுடைய இயந்திரத்தின் ரசாயனமே பாழாகும்.

கேமராவைப் பொறுத்தவரை, பின்கதவைத் திறந்து, ஷட்டரை மெதுவான வேகத்தில் வைத்து அழுத்தி, லென்ஸ் வழியாக வானத்தைப் பாருங்கள். சிலந்திவலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரைக் காற்றில் அது பரவாமல் இருக்காது. பேட்டரி அறையில் பச்சைத் துரு, கதவோரத்தில் பிசுபிசுக்கும் பஞ்சு ஆகிய இரண்டில் பஞ்சை மாற்றிக்கொள்ளலாம், துருவுக்கு விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

இந்து ஃபிலிம் கிடைத்தால் வாங்கலாமா?

வாங்கலாம். ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கறுப்பு வெள்ளை ஃபிலிம் அது. 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. ஆலை இன்று இயங்கவில்லை. மூட்டம் கனமாகவே இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைவிட இரண்டு ஸ்டாப் கூட்டிக் கொடுத்து, முழு வெயிலில் மட்டும் எடுங்கள்.

என் கேமராவில் வேகத்தை மாற்றும் வசதியே இல்லை. என்ன செய்வது?

1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த தானியங்கிக் கேமராக்கள் பல, டப்பியின் மேல் வெள்ளியும் கறுப்புமாக உள்ள கட்டங்களைத் தொட்டு வேகத்தைத் தாமே படித்துக்கொள்கின்றன. அந்தக் கட்டங்கள் அனைத்தையும் செலோடேப்பால் மூடிவிட்டால் பெரும்பாலான கேமராக்கள் 100 என்று எடுத்துக்கொள்ளும். 200 வேகத்து ரோலுக்கு அது ஒரு ஸ்டாப் லாபம். நம் வீடுகளில் ஏராளமாக இருந்த கோடக் கேபி-10 போன்றவற்றில் எதையும் மாற்ற முடியாது. அவற்றில் அதிகம் மூப்படையாத ரோலைப் போட்டு, நல்ல வெயிலுக்கு மட்டும் வெளியே எடுப்பதே வழி.

வியாபாரிகளையும் வாடிக்கையாளர்களையும் எப்படி அணுகுவது?

ஒரு சுற்று கேமராவைப் பையில் வைத்துக்கொண்டே நடந்து பாருங்கள். எந்தக் கடையில் வெயில் எங்கே விழுகிறது, யார் பேச்சுக்கு இடங்கொடுப்பவர், யாருக்குத் தலைக்கு மேல் வேலை என்பது அதிலேயே தெரிந்துவிடும். காலையில் கடை விரித்து முதல் போணி ஆகும் முன்னால் போய் நின்று விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்வது, அதைவிட, கேமராவை நீட்டுவது, அந்த நாளையே கெடுத்துவிட்டதாக அவர்களை எண்ண வைக்கும். போணி ஆன பிறகு, கொஞ்சம் வாங்கிவிட்டு, "அக்கா, இந்த வெளிச்சத்துல உங்கள ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பு வராது. மண்ணடியில் "பாய்" என்றும், மற்ற இடங்களில் "அண்ணே" என்றும் கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்கலாம். வேண்டாம் என்று தலையசைத்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும். நாலடி தள்ளிப்போய் ஜூம் வைத்து எடுப்பது கேட்டதையே பொய்யாக்கிவிடும்.

வேகம் குறைந்த ஃபிலிம் இதில் நமக்கு உதவியே செய்கிறது. ஒளித்து எடுக்க அதனால் ஆகாது. "அண்ணே, அந்தத் தராச அப்படியே ஒரு நிமிஷம் பிடிங்க" என்று கேட்டு வாங்கித்தான் எடுக்க முடியும் என்பதால், படத்தில் இருப்பவருக்குத் தாம் படத்தில் இருப்பது தெரிந்திருக்கும். திரையில் உடனே காட்டச் சொன்னால் இது ஃபிலிம், கழுவித்தான் பார்க்க முடியும் என்று விளக்குங்கள். பிரிண்ட் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் கட்டாயம் கொண்டுபோய்க் கொடுங்கள். முந்தி வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனதை அவர்கள் மறக்கவில்லை.

இதோடு ஒட்டிய ஓர் ஆட்சேபம் எனக்கு உண்டு. வண்ணம் வெளிறி, மூட்டம் படிந்த படங்கள் வடசென்னைக்கு "பொருத்தம்" என்று சிலர் நினைக்கிறார்கள். சௌகார்பேட்டையின் வளையல் கடைக்கு வெளிறல் எந்த வகையில் பொருத்தம்? நல்ல வண்ணத்தில் உள்ள ஓர் ஊரைப் பழசாகவும் பாவமாகவும் காட்ட ஃபிலிமின் மூப்பைச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. வெளிச்சத்தைச் சரியாகக் கொடுத்து, ஸ்கேனில் வண்ணத்தை முடிந்தவரை மீட்டு, மீளாத மிச்சத்தை மட்டும் ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை.

எங்கெல்லாம் எடுக்கக் கூடாது?

துறைமுக வளாகம், உயர் நீதிமன்ற வளாகம், ரயில் நிலையங்களின் உட்புறம் ஆகியவற்றில் அனுமதியின்றிக் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். வழிபாட்டு இடங்களில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெட்ரோவில் பையை ஸ்கேனரில் வைக்கச் சொல்கிறார்களே, ஃபிலிம் கெடாதா?

உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை நிலையங்கள் 2019இல் திறந்த பிறகு சந்தைக்குப் போக அதுவே வசதி. வேகம் குறைந்த ஃபிலிமுக்கு ஓரிரு முறை சாதாரண எக்ஸ்ரே ஸ்கேனரில் போய்வருவதால் கண்ணுக்குத் தெரியும் கெடுதல் இல்லை. ஆனால் இந்தப் பாதிப்பு சேர்ந்துகொண்டே போவது; பழைய ஃபிலிமில் மூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ரோல்களை ஒரு தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டுத் தனியே கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷனுக்குப் போகலாம்.

வெயிலில் ஃபிலிமை எங்கே வைப்பது?

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மட்டும் வைக்க வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் ஒரு மணி நேரம் அங்கே கிடந்தாலே கெடுதல்தான். துணிப்பையில், உடம்பின் நிழல் படும் பக்கத்தில் இருக்கட்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ரோலை மூடிய டப்பாவிலேயே இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைத்த பிறகுதான் திறக்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்று குளிர்ந்த ஃபிலிமின் மேல் உடனே வியர்த்துவிடும்.

எடுத்த ரோலை எங்கே, எப்படிக் கழுவுவது?

வண்ண ரோலைச் சி-41 கழுவும் ஸ்டூடியோவில் கொடுத்து, வழக்கமான நேரத்துக்கே கழுவச் சொல்லுங்கள். நேரத்தைக் கூட்டினால் மூட்டமும் சேர்ந்து கூடும். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே செய்யலாம். டி-76 போன்ற டெவலப்பர்களுக்குச் சொல்லப்படும் நேரங்கள் பெரும்பாலும் 20 டிகிரிக்கு உரியவை. மே மாதத்தில் நம் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டியிருக்கும் என்பதால், டெவலப்பர் பாட்டிலை ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வெப்பமானியைப் பார்த்து இறக்க வேண்டும். மூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பென்சோட்ரையசோல் அல்லது பொட்டாசியம் புரோமைடு சிறிதளவு சேர்ப்பது வழக்கம். இவற்றையும், கழுவிய படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவையும் நைனியப்ப நாயக்கன் தெருவின் ரசாயனக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். சந்தைக்குப் போன நாளிலேயே அந்த வேலையையும் முடித்துக்கொள்ளலாம்.

வாங்கிய கேமராவுக்குள் யாரோ எடுத்து முடித்த ரோல் இருந்தது. என்ன செய்வது?

கதவைத் திறக்காமல் பின்னோக்கிச் சுற்றி எடுத்துவிடுங்கள். பதிந்த படமும் காலத்தோடு மங்கும் என்பதால் தாமதிக்க வேண்டாம். மிகப் பழைய வண்ண ரோல் என்றால் வண்ணத்தை எதிர்பார்க்காமல் கறுப்பு வெள்ளை முறையில் கழுவினால் உருவங்களாவது தேறும். அதில் ஒரு காதுகுத்தோ கல்யாணமோ இருக்கலாம். அந்த முகங்களை இணையத்தில் போட்டுப் பாராட்டு வாங்குவது சரியல்ல. கேமராவை விற்றவரிடம் பிரிண்டைக் காட்டி, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விசாரிக்கலாம். பழைய சாமான் எடுப்பவர்களுக்குத் தெரு நினைவிருக்கும்.

மழைக்காலத்தில் போகலாமா?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை மேகம் மூடியிருக்கும் நாள்களில், 25 வேகத்து ரோலோடு போவதில் பயனில்லை. முக்காலி வைக்க இந்தத் தெருக்களில் இடமும் கிடையாது. மழை விட்டு வெயில் அடிக்கும் நாள்கள் அந்த மாதங்களிலும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அப்படி ஒரு நாள் வாய்த்தால் எம்.சி. ரோட்டுக்கு முற்பகலில் போங்கள். கேமராவைக் கழுத்தில் மாட்டாமல் கைப்பட்டையில் பிடித்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் பட்டை இழுபடும்.